பரிசு பெரிதா? பங்கு பெரிதா?

ஒருவனுக்குரிய ஆற்றுநீர்ப் பங்கை வரையறுத்து நடைமுறைக்குக் கொணர 28 ஆண்டுகள் எடுத்துக்கொள்வதும், அவனையே மேடைக்கு அழைத்து 'நீர் காப்பதில் நீயே முதல்வன்' எனப் பட்டயம் வழங்குவதும் ஒரே கையின் இரு செயல்களாக இருக்குமாயின், அக்கையை என்னென்று அழைப்பது? கொடைக்கை என்பதா? கணக்கில் கைதேர்ந்த கை என்பதா? இந்திய நடுவணரசு தமிழ்நாட்டிற்கு வழங்கிய நீர்ப் பரிசுகளின் கதை இத்தகையதே. அதனைப் புகழ்ந்து பாடியவர் பலர். எண்ணிப் பார்த்தவர் சிலர். எண்ணிப் பார்க்க வேண்டுவது தமிழர் கடன்.

நடந்தது என்ன?

நீர்த்துறையில் புதுமையும் சிறப்பும் காட்டுவோரைப் பாராட்டுதற்கென நடுவணரசு 2018-ஆம் ஆண்டிற்கு ஒரு விருது வரிசையைத் தொடங்கியது. மாநிலம், மாவட்டம், ஊராட்சி, பள்ளி, தொழிற்சாலை, நீர்ப் பயனாளர் கழகம் என அதிற் பல பிரிவுகள். 2019-ஆம் ஆண்டிற்குரிய விருதுகள் 2020 நவம்பரில் வழங்கப்பட்டன. பொதுப் பிரிவில் சிறந்த மாநிலம் என்னும் முதற்பரிசு தமிழ்நாட்டிற்குக் கிடைத்தது. அடுத்து, 2020-ஆம் ஆண்டிற்குரிய பட்டியலில் உத்தரப் பிரதேசம் முதலிடமும் இராசத்தான் இரண்டாமிடமும் பெறத் தமிழ்நாடு மூன்றாமிடம் பெற்றது.

முதற்பரிசு வாங்கித் தந்த அந்த 2019 எத்தகைய ஆண்டு? அவ்வாண்டின் சூன் திங்களில் சென்னைக்கு நீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ முற்றும் வறண்டு வெடித்துக் கிடந்தன. குடங்களுடன் தெருத்தெருவாக மக்கள் நின்றனர். சூலைத் திங்களில் சோலார்பேட்டையிலிருந்து சென்னைக்குத் தொடர்வண்டியில் தண்ணீர் ஏற்றி வரப்பட்டது. ஐம்பது பெட்டிகள், ஒரு நடைக்கு 25 இலக்கம் இலிட்டர். தலைநகருக்குத் தண்ணீர் தண்டவாளத்தின் வழியே வந்த ஆண்டே தமிழ்நாடு நீர் மேலாண்மையில் முதன்மை பெற்ற ஆண்டு! இதனைக் காட்டிலும் கூர்மையான நகைச்சுவையை எந்த நாடக ஆசிரியனும் எழுதியிருக்க முடியாது.

பரிசு பெறத் தமிழ்நாடு ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுவது அறமன்று. மழைநீர்ச் சேமிப்பைக் கட்டடந்தோறும் கட்டாயமாக்கிய ஆணை 2003-இல் இங்குப் பிறந்தது. ஏரி குளங்களைத் தூர்வாரும் பணி 2017-இல் மீண்டும் தொடங்கப்பட்டது. பணி செய்த சிற்றூர் மக்களுக்கும் கீழ்நிலை அலுவலர்க்கும் பாராட்டு உரியதே. ஆயினும் கேள்வி வேறு. கண்ணெதிரே ஏரி வறண்டு கிடக்கும்போதும் 'சிறப்பு' என்று சொல்லத்தக்க அளவுகோல் யாருடையது? அஃது எதனை அளந்தது? எதனை அளக்காமல் விட்டது?

பரிசில் என்பது யாது?

'விருது' எனும் சொல்லைத் தமிழே என்பாரும் உளர். வடசொல்லோடு இணைத்துக் கூறுவாரும் உளர். அவ்வாய்வு ஒருபுறம் நிற்க. ஐயத்திற்கிடமின்றித் தமிழாக விளங்குவது 'பரிசில்' என்னும் சொல். கழகக் காலப் புலவர் பரிசில் பெற்றே வாழ்ந்தனர். எனினும் எப்பரிசிலையும் எவ்வாறாயினும் ஏற்றாரில்லை. தம்மைக் காணாமலே அதியமான் நெடுமானஞ்சி விடுத்த பொருளை ஏற்க மறுத்தார் பெருஞ்சித்திரனார். தகுதியை அறிந்து, நேரிற் கண்டு, மதித்துத் தருவதே பரிசில். ஏனையது வாணிகம் என்பது அவர் கொள்கை. தாளில் நிரப்பிய எண்களைக் கண்டு தாளில் அச்சிட்ட பாராட்டைத் தருவது எவ்வகையைச் சாரும் என்பதனைப் படிப்போர் முடிவு செய்க.

இன்னொரு புலவரும் நினைவிற்கு வருகிறார். பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடிய குடபுலவியனார் தமக்கென ஒன்றும் கேட்டாரில்லை. உணவு என்பது நிலமும் நீரும் சேர்ந்தது. அவ்விரண்டையும் சேர்ப்பவரே உடம்பையும் உயிரையும் படைத்தவர். ஆகலின் பள்ளமான இடங்களில் நீர்நிலை பெருகுமாறு செய்க என்று அரசனுக்கு எடுத்துரைத்தார். புலவன் அரசனுக்கு நீர்நிலையின் கடமையை நினைவூட்டிய நாடு இது. இன்றோ, கடமை மறந்த அரசு குடிமக்கட்குப் பட்டயம் நீட்டுகிறது, முறை தலைகீழாயிற்று.

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து இரண்டாம் அதிகாரமாக வைத்தது 'வான்சிறப்பு'. சிறப்பு என்னும் சொல்லை மழைக்கே அவர் உரிமையாக்கினார். மழையைத் தேக்கிய அரசனுக்கோ, விற்ற வணிகனுக்கோ உரிமையாக்கினாரில்லை. நீரின் சிறப்பை மாந்தன் தன் சிறப்பாகப் பறைசாற்றத் தொடங்கிய நாளிலிருந்தே நீர் அவனை விட்டு விலகத் தொடங்கியது போலும்.

பெயரே காட்டும் பெற்றி

இவ்விருதுகளை வழங்கும் அமைச்சகம் 2019 மே திங்களில் துறைகளை இணைத்து அமைக்கப்பட்டது. அதன் பெயர் 'ஜல் சக்தி'. முதலெழுத்தையே தமிழ் நெடுங்கணக்கிற் காண முடியாது! வீடுதோறும் குழாய்நீர் தரும் திட்டத்தின் பெயர் சல் சீவன். நிலத்தடி நீர்த் திட்டத்தின் பெயர் அடல் பூசல். தமிழ்நாட்டுச் சிற்றூரிலே, தமிழன் இறுத்த வரியும் சேர்ந்து தோண்டும் குழிக்கு வைக்கப்படும் பெயர், அவ்வூர்க் கிழவிக்கு விளங்காத பெயர்! 'பூசல்' என்றால் தமிழில் சண்டை என்று பொருள். நீருக்கு வைத்த பெயர் சண்டையென ஒலிப்பதும் ஒருவகையிற் பொருத்தமே.

நீர் என்னும் சொல்லுக்கு என்ன குறை? வடமொழி நூல்களிலேயே 'நீர' எனும் வடிவம் ஆளப்பட்டுள்ளது. அது திராவிட மொழிகளிலிருந்து அங்குச் சென்றது என்பதனைப் பரோ போன்ற மேலைநாட்டு மொழியறிஞரே எடுத்துக்காட்டியுள்ளனர். வடமொழிக்கே நீர் வார்த்த மொழியினர், தம் குழாயின்மேல் 'சல்' என்று எழுதிக்கொண்டு நிற்கின்றனர்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்போர் உண்டு. பெயரில்தான் பொருள் இருக்கிறது. ஏரி, கண்மாய், ஏந்தல், தாங்கல், ஊருணி, கேணி, குட்டை, பொய்கை, இலஞ்சி என நீர்நிலைக்கு எத்தனை பெயர்! ஊரார் உண்ணும் நீர் ஊருணியில்; உழவுக்குரிய நீர் ஏரியில். மடை, மதகு, தூம்பு, குமிழி, கலிங்கு, மறுகால், வரத்துக்கால் என உறுப்புக்கு எத்தனை பெயர்! ஒவ்வொரு பெயரும் ஒரு கடமையைச் சுட்டியது. வரத்துக்கால் என்றால் நீர் வரும் வழி. அதில் எவனும் வீடு கட்டலாகாது. கலிங்கு என்றால் மிகுநீர் வழியும் இடம். அதனை எவனும் அடைத்தல் ஆகாது. இன்று அலுவலகத் தாள்களில் இவையனைத்தும் 'வாட்டர் பாடி' என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. எல்லாவற்றையும் ஒன்றாக்கும் சொல்லில் கடமை ஏதும் இல்லை. கடமையற்ற பொருளைக் கொள்ளையிடுவது எளிது.

'புறம்போக்கு' என்ற சொல் பட்ட பாட்டையும் காண்க. வரிக்கும் விற்பனைக்கும் புறத்தே, ஊர்ப் பொதுவுக்கென ஒதுக்கப்பட்ட நிலமே புறம்போக்கு. ஏரிப் புறம்போக்கு, மேய்ச்சற் புறம்போக்கு என அவை ஊரின் உயிர்நாடி. இன்று அச்சொல் ஒருவரை இழித்துரைக்கும் வசையாயிற்று. சொல் வசையானபின் நிலம் மனையாவதற்கு எத்துணை நாள் ஆகும்?

சென்னையிலே மயிலை நெட்டேரி 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகரின் பகுதியாயிற்று. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடம் இன்று 'லேக் ஏரியா' எனப்படுகிறது. ஏரி போய், அதன் நினைவும் ஆங்கிலத்தில் மட்டுமே எஞ்சியது. அவ்வேரிப் படுகையிலேதான் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுப்பப்பட்டது. வான்சிறப்புப் பாடியவர்க்கு வானம் தந்த நீர்நிலையைத் தூர்த்த இடத்தில் கோட்டம்! மதுரையில் உயர் வழக்குமன்றக் கிளை எழுந்த இடத்தின் பெயர் உலகனேரி; பெயரிலே ஏரி உண்டு, நிலத்திலே கட்டடம் உண்டு. இவற்றைச் செய்தவர் வடவர் அல்லர்; தமிழரே. பிறரைக் குறை கூறுமுன் இதனையும் கூறுதல் நேர்மை.

பரிசு கொடாத நாட்டில் கணக்குக் கேட்டனர்

முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளுக்குரியவை. குடவோலை முறையால் வாரியங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டதை அவை கூறும். அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். உறுப்பினர் அறுவர்; பொறுப்புக் காலம் 360 நாள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் தேர்தலுக்கு நிற்க முடியாது. அவன் நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. ஏரியைச் சிறப்பாகப் பேணியவனுக்கு அங்கே மேடையும் மாலையும் இல்லை. பேணாதவனுக்கும் கணக்கை மறைத்தவனுக்கும் தடை இருந்தது. பரிசு கொடுத்து நீரைக் காக்க அவர்கள் முயலவில்லை. கணக்குக் கேட்டுக் காத்தனர்.

அக்காலத்தை முற்றும் பொற்காலம் என்று புனைவதும் பிழை. உத்தரமேரூர் அவை பார்ப்பனர் ஊரவை. வாரியத்தில் அமர்ந்தவர் ஒரு சாரார். மண் சுமந்தவரும் மடை திறந்தவரும் மற்றொரு சாரார். நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, கம்புகட்டி, மடையர் என்றெல்லாம் ஊருக்கு ஊர் பெயர் பெற்ற அப்பணியாளர் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட குடியினரே. எந்த வயலுக்கு எத்துணை நாழிகை நீர் என்பதனை அவர் நெஞ்சு அறியும். எந்தக் கரை எந்த மழைக்கு உடையும் என்பதனை அவர் கால் அறியும். அவர் பெயர் அன்றைய கல்வெட்டிலும் அரிது; இன்றைய விருதுப் பட்டியலிலும் அரிது. ஆயிரம் ஆண்டு கடந்தும் மாறாத ஒன்று இது.

'புதுமை' என்று இன்று பேசுகின்றனரே, குமிழித் தூம்பைக் கண்டதுண்டா? ஏரிக்கரையிலிருந்து சற்றுத் தள்ளி, ஏரியின் உள்ளே கற்றொட்டி ஒன்று. அதில் மேலே நீரோடித் துளை, கீழே சேறோடித் துளை. நீர் வெளியேறும்போதே வண்டலும் உடன் வெளியேறி வயலுக்கு உரமாகும், ஏரியும் மேடுபடாது. இதனைக் கண்டுபிடித்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. காவிரி மணலின்மேல் கல்லணை நிற்கும் அடிப்படை நுட்பமும் அத்தகையதே. ஆழங்காண முடியாத மணலில் அடித்தளம் இடும் முறையை இந்நாட்டாரிடமிருந்தே கற்றதாக ஆங்கிலப் பொறிஞர் ஆர்தர் காட்டன் பின்னாளில் எழுத்தில் ஒப்புக்கொண்டார். அந்நுட்பத்தைக் கொண்டே 1836-இல் மேலணை எழுந்தது. 1861-இல் காட்டனுக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. நுட்பம் தந்த கொத்தர்க்கு ஒன்றும் கிடைக்கவில்லை. விருதுகளின் வரலாறே இதுதான்: கண்டவன் ஒருவன், பட்டம் கொண்டவன் ஒருவன்.

2017-இல் தொடங்கிய தூர்வாரும் திட்டத்தின் பெயரும் நோக்கத்தக்கது: 'குடிமராமத்து'. குடி தமிழ், மராமத்து அரபுச் சொல். ஊரார் தாமே கூடித் தம் ஏரியைப் பேணிய பழக்கத்தை 1858-ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்புச் சட்டத்தால் ஆங்கிலேயர் கட்டாயமாக்கினர். ஏரிப்பட்டி என ஏரிக்கென்றே விடப்பட்ட நில வருவாயும், ஊரார்க்கிருந்த உரிமையும் அவர்தம் வருவாய் முறையில் சிதைந்தன. உழைப்புக் கடமை மட்டும் ஊரார் தலையில் நின்றது. உரிமையின்றிக் கடமை மட்டும் சுமத்தப்பட்ட இடத்தில் பணி எவ்வாறு தழைக்கும்?

இரு தீர்ப்பு, ஒரு சொல்

ஆங்கிலத்தில் விருதைக் குறிக்கும் சொல்லும் நடுவர் மன்றத் தீர்ப்பைக் குறிக்கும் சொல்லும் ஒன்றே: 'அவார்டு'. தமிழர் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்து நோக்குதல் வேண்டும்.

காவிரிக்கு 1924-ஆம் ஆண்டு உடன்படிக்கை இருந்தது. அதன்பின் எழுந்த வழக்கில் நடுவர் மன்றம் அமைக்க நடுவணரசு தானே முன்வரவில்லை. உச்ச வழக்குமன்றம் பணித்த பின்னரே 1990 சூன் 2-இல் அமைத்தது. 1991 சூன் 25-இல் இடைக்கால ஆணை பிறந்தது. அவ்வாணை அரசிதழில் வந்தபோது, அவ்வாண்டு திசம்பரில், கருநாடகத்துத் தமிழர் தாக்கப்பட்டனர்; உடைமையும் உயிரும் இழந்தனர். இறுதித் தீர்ப்பு 2007 பிப்பிரவரி 5-இல் வந்தது. நூறு கோடிக் கன அடியை ஓர் அலகாகக் கொண்டால் (செய்தித்தாள்கள் டி.எம்.சி. என்பது இதனையே) மொத்தம் 740 அலகில் தமிழ்நாட்டிற்கு 419. அதனை அரசிதழில் அச்சிட மட்டும் ஆறு ஆண்டுகள்! 2013 பிப்பிரவரி 19-இல், அதுவும் உச்ச வழக்குமன்றம் நாள் குறித்த பின்னரே, அச்சேறியது. 2018 பிப்பிரவரி 16-இல் உச்ச வழக்குமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 404.25 அலகாகவும், கருநாடகம் பிலிகுண்டுலுவில் விடவேண்டிய நீரை 192-இலிருந்து 177.25 அலகாகவும் குறைத்தது. மேலாண்மை ஆணையம் 2018 சூன் திங்களில் அமைந்தது.

கணக்கிடுக. நடுவர் மன்றம் தோன்றியது முதல் ஆணையம் தோன்றும் வரை 28 ஆண்டுகள். ஒரு தலைமுறை உழவன் பிறந்து, வளர்ந்து, மண்வெட்டி எடுத்து, கடன்பட்டு நிற்கும் காலம். அத்தனை காலமும் ஒவ்வொரு படியிலும் வழக்குமன்றம் இடித்துரைத்த பின்னரே நகர்ந்த அரசு, நீர்ப் பட்டயத்தை மட்டும் எவரும் இடித்துரையாமலே ஆண்டுக் கணக்கு வைத்து எழுதித் தருகிறது! தரவேண்டியதைத் தர 28 ஆண்டு. தரத் தேவையில்லாததைத் தர ஓராண்டு. கடன்காரன் கடனைத் திருப்பித் தராமல், கடன் கொடுத்தவனின் சிக்கன வாழ்வைப் புகழ்ந்து பாமாலை சூட்டுவது போன்றது இது. பங்கு குறைந்தவன் சிக்கனமாக இருப்பான். அது சிறப்பன்று, வேறு வழியின்மை.

புதுமை எங்கே பிறந்தது?

தொழிற்சாலைகளுக்கும் இவ்வரிசையில் விருது உண்டு. விருது இருந்தால் தொழில்துறை திருந்தும் என்பாரும் உளர். அவர் நொய்யலைக் காண்க. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு அவ்வாற்றில் ஓடியது. உழவர்க்கு நீர் தர 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவின் தேக்கமாயிற்று. பாசனத்திற்குக் கட்டிய அணையைத் திறந்தால் பயிர் கருகும் என்று உழவரே திறக்க வேண்டா என்றனர். அவ்வுழவர் வழக்குத் தொடுத்தனர். ஆண்டுக் கணக்கில் அலைந்தனர். 2011 சனவரியில் சென்னை உயர் வழக்குமன்றம் நூற்றுக்கணக்கான பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதன் பின்னரே, ஒரு துளிக் கழிவையும் வெளிவிடாது நீரை மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் முறை அங்கே உண்மையாக வேரூன்றியது. இன்று அதனைப் புதுமை என்று மேடைகள் புகழ்கின்றன. அப்புதுமையின் தாய், வழக்குமன்றப் படிக்கட்டில் அமர்ந்திருந்த உழவனின் பொறுமை, விருதன்று.

கடல் கடந்த எடுத்துக்காட்டும் ஒன்றுண்டு. அங்கும் தமிழர் வாழ்கின்றனர். சிங்கப்பூர் ஓர் ஆற்றின் கடைமடை போன்ற நாடு; நீருக்குச் சொகூரை நம்பியிருந்தது. 1961-இலும் 1962-இலும் உடன்படிக்கைகள் செய்தது. முன்னது 2011-இல் முடிந்தது. பின்னது 2061 வரை உண்டு. ஆயிரம் கேலனுக்கு 3 சென் என்னும் விலை மீது இரு நாட்டிற்கும் பூசல் ஓயவில்லை. சிங்கப்பூர் என் செய்தது? அண்டை நாட்டிடம் தன் பங்கை எழுத்தில் உறுதி செய்து வைத்துக்கொண்டது. அதே நேரத்தில் கழிவுநீரைத் தூய்மையாக்கும் புதுநீர்த் திட்டத்தை 2003-இலும், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை 2005-இலும், மரினா அணையை 2008-இலும் நிறைவேற்றியது. 2007-இல் அந்நாட்டின் பொதுப் பயனீட்டுக் கழகத்திற்கு இசுடாக்கோம் தொழில்துறை நீர் விருது கிடைத்தது. பணி முன்னே, பரிசு பின்னே. பங்கு கையில்; பட்டயம் சுவரில். அதுவே முறை. அந்நாட்டில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. நடுவணரசின் ஆட்சிமொழிச் சட்டத்திலோ இந்திக்கும் ஆங்கிலத்திற்குமே இடம். கல்லணை கட்டிய மொழிக்கு இடமில்லை.

இசுடாக்கோம் நீர்ப் பரிசு 1991 முதல் சுவீடன் நாட்டில் வழங்கப்படுவது. 2015-இல் அதனைப் பெற்றவர் இராசத்தானைச் சேர்ந்த இராசேந்திர சிங். ஆல்வார்ப் பகுதிச் சிற்றூர் மக்களைக் கூட்டி, முன்னோர் கட்டிய மண்கரைத் தேக்கங்களை மீண்டும் எழுப்பியவர் அவர். உலகம் 'புதுமை' என்று போற்றியது முன்னோர் செய்த பழமையை! பாலைநிலத்தான் தன் பழந்தேக்கத்தை மீட்டு உலகப் பரிசு பெற்றான். ஏறத்தாழ நாற்பதாயிரம் ஏரிகளைப் பாட்டன் வழிச் சொத்தாகப் பெற்ற தமிழன் அவற்றிற் பலவற்றைத் தூர்த்துவிட்டுத் தண்ணீர் லாரியின் பின்னே ஓடுகிறான். இதனை நினைந்து நாணாத நெஞ்சு என்ன நெஞ்சு!

ஊக்கம் வேண்டாவா என்பார்க்கு

'பரிசு ஊக்கந் தருமே, அதனைப் பழிப்பானேன்?' என்பார் கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. தன் ஊருணியைத் துப்புரவாக்கிய ஊராட்சிக்கும், மழைநீரை அளந்து பதிவு செய்யும் பள்ளிக்கும் பாராட்டு வேண்டும். அத்தகைய சிறு பாராட்டைப் பழிப்பவன் பகுத்தறிவற்றவன். பழிக்கப்படுவது, உரிமையின் இடத்தில் பரிசையும், கணக்கின் இடத்தில் கைத்தட்டலையும் வைக்கும் சூழ்ச்சி. குழந்தையின் சோற்றைப் பிடுங்கிவிட்டுக் கையில் கிலுகிலுப்பை தருபவள் தாயல்லள்.

ஆகலின் தமிழர் கேட்க வேண்டுவன இவை. மாநிலத்துக்கு நீர் விருது வழங்குமுன், அம்மாநிலத்திற்குரிய ஆற்றுநீர் திங்கள்தோறும் தீர்ப்பின்படி வந்ததா என்னும் கணக்கை அவ்விருதின் முதற்பக்கத்தில் அச்சிடுக. தொழிற்சாலைக்கு விருது வழங்குமுன், அதன் கழிவு செல்லும் ஆற்றின் கடைமடை உழவனைக் கேட்டு எழுதுக. தமிழ்நாட்டில் செயற்படும் ஒவ்வொரு நீர்த் திட்டத்தின் பெயரும், விண்ணப்பமும், கணக்கும் தமிழில் இருத்தல் வேண்டும். விளங்காத மொழியில் எழுதிய கணக்கு மறைத்த கணக்கே. ஏரிதோறும் அதன் பரப்பு, வரத்துக்கால், கலிங்கு ஆகியவற்றை எழுதிய கல் ஒன்று கரையில் நடப்படுக. அக்கல்லில் மடை திறக்கும் நீர்க்கட்டியின் பெயரும் பொறிக்கப்படுக.

தமிழ்நாட்டு அரசிடம் கேட்க வேண்டுவதும் உண்டு. 2015 திசம்பரில் வெள்ளத்தில் மிதந்த சென்னை, 2019 சூன் திங்களில் வறட்சியில் வாடியது. நான்கு ஆண்டு இடைவெளியில் இரு பேரழிவு! மழை குறைந்தது மட்டும் கரணியமன்று. வந்த மழை தங்க இடமின்மையும் கரணியம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் பெரும்பகுதி கட்டடமான பின்னரே, எஞ்சிய பகுதி 2022-இல் இராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. எஞ்சியதற்குப் பெருமை கொள்வதா, இழந்ததற்கு வருந்துவதா? பெருமை கொண்டாடும் விழாவை நிறுத்தி, இழந்ததை அளக்கும் பணியைத் தொடங்குக. நில அளவை ஏடுகள் அரசின் கையிலே உள்ளன. ஏரி எனப் பதிந்த ஒவ்வோர் எண்ணிலும் இன்று என்ன நிற்கிறது என்பதனை ஊர்தோறும் வெளியிடுக. அதன்பின் எவரும் விருது தரட்டும்.

இளைஞர்க்கும் மாணவர்க்கும் உரிய பணி இன்னும் எளிது. அவரவர் ஊரின் ஏரிக்கு என்ன பெயர், எத்தனை மடை, எங்கே கலிங்கு, நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே செல்கிறது என்பதனை அவ்வூர் முதியோரிடம் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். முதியவர் மறையுமுன் சொல் மீட்கப்படல் வேண்டும். சொல் மறையுமுன் நீர்வழி மீட்கப்படல் வேண்டும். தமிழ்ச்சொல் காப்பதும் தமிழ்நிலம் காப்பதும் ஒரே பணியின் இரு கரைகள். ஒரு கரை உடைந்தாலும் ஏரி நில்லாது.

மடியேந்தி வாங்கும் பரிசு ஒரு நாள் விழாவோடு முடியும். உரிமையாக வாங்கும் பங்கோ பேரன் வயலிலும் பாயும். தமிழர் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். பட்டயம் வாங்க நீளும் கை தாழட்டும். பங்கு கேட்க எழும் கை உயரட்டும்!